எப்பவாச்சும் என்றால் எவ்வளவு

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை பிருந்தா நம் வீட்டுக்கு வந்திருந்தாள். உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் வந்ததாகச் சொன்னாள். என்ன கேட்க வந்தாள் என்பதையும் உன்னிடம் சொன்னாளா என்று எனக்குத் தெரியாது. கோபியிலிருந்து பஸ் மாறி, ஒரு சீப்பு நேந்திரம் பழத்தை மடியில் வைத்துக்கொண்டே பல்லடத்தில் வந்து இறங்கினாள். நிச்சயம் முடிந்து, தை மாதக் கல்யாணத்துக்கு மண்டபமும் பேசிவிட்ட பிறகு, பெண் தனியாகக் கிளம்பி மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தால் நம் பக்கத்தில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். அவள் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. உன் அப்பாவிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள், காப்பி குடித்தாள், டம்ளரைக் கழுவி வைத்தாள். பிறகு சமையலறையில் நான் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்த இடத்துக்கு வந்து, எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவளும் ஒரு கை அள்ளி நார் உரிக்க ஆரம்பித்தாள். பிறகு கேட்டாள்.

"அத்தை, அவரு குடிப்பாருங்களா?"

நீ போனில் சொல்லிக்கொடுத்திருந்த பதில் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. "பிருந்தா ஏதாச்சும் கேட்டா எப்பவாச்சும்னு சொல்லிரும்மா" என்றாயே, அதை அப்படியே ஒப்பித்தேன். "எப்பவாச்சும் கண்ணு. சேக்காளிகளோட சேந்தா எப்பவாச்சும்" என்றேன். அவள் கையிலிருந்த காயை உரித்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"எப்பவாச்சும்னா எவ்வளவுங்க அத்தை?"

குத்திக் காட்டும் குரலில் கேட்கவில்லை. கிலோ என்ன விலை என்று கேட்பது மாதிரித்தான் கேட்டாள். நான் முழிப்பதைப் பார்த்து அவளே பேசினாள். "எங்கம்மாவக் குடுக்கறப்ப எங்க அப்பிச்சிகிட்டயும் எப்பவாச்சும்னுதானுங்க சொன்னாங்களாம்" என்றாள். அவளுடைய அம்மாவின் அப்பாவைச் சொன்னாள். "சொன்னவிய பொய் சொல்லலீங்க. அவியளுக்கு அது எப்பவாச்சும்தான். எங்கப்பாவப் போன மாசம் மறுக்காவும் ஆஸ்பத்திரில சேத்தோமுங்க. ஈரல் கெட்டுப்போச்சுங்கறாங்க." அப்புறம், "குடிக்கவே கூடாதுன்னு சொல்ல நான் வர்லீங்க அத்தை. எவ்வளவுன்னு எனக்குத் தெரியோணும். பட்டெடுக்கப் போறதுக்கு முன்னால தெரிஞ்சாப் போதுமுங்க" என்றாள்.

பட்டு எடுக்கக் கோயம்புத்தூர் போவது வருகிற ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் அவளுக்கு நெசம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் என்ன செய்வாள் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தவர்கள் யாரும், எப்படியும் வண்டியில் ஏறிவிடுவாள் என்று மெத்தனமாக இருக்க மாட்டார்கள். நீ ஓசூரில் உட்கார்ந்துகொண்டு மெத்தனமாக இருந்துவிடக் கூடாது என்பதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம். நீ "சரிம்மா, பாத்துக்கறேம்மா" என்று வைத்துவிடுவாய்.

இதில் எனக்கே சிரிப்பு வருகிற சங்கதி ஒன்று உண்டு. பிருந்தா கேட்ட அந்தக் கேள்விதான் இப்போது என் பிழைப்பு. நான் என்ன வேலைக்குப் போகிறேன் என்று நீ முழுசாகக் கேட்டதில்லை. "அம்மா ஏதோ சர்வேக்குப் போறாங்க" என்று உன் கூட்டாளிகளிடம் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ஊர் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆன பிறகு, வீட்டில் உட்கார்ந்து டிவி பார்த்தால் மண்டை காய்ந்துவிடும் என்றுதான் ஒத்துக்கொண்டேன். கோயம்புத்தூரில் ஒரு மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் நடத்தும் ஆராய்ச்சி இது. விசைத்தறி ஓடும் குடோனும் கோழிப்பண்ணையும் உள்ள ஊர்களில் ஆண்கள் எவ்வளவு குடிக்கிறார்கள், அதனால் உடம்புக்கும் குடும்பத்துக்கும் என்ன கெடுதல் வருகிறது, திட்டாமல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசினால் அந்தக் கெடுதல் குறைகிறதா என்று பார்க்கிறார்கள். கவனி, குடியை ஒழிக்கிற ஆராய்ச்சி என்று அவர்கள் சொல்லிக்கொள்ளவில்லை. குறைந்தாலும் சரி, குடித்துவிட்டு வண்டி ஓட்டாமல் இருந்தாலும் சரி, அதுவும் அவர்களுக்குக் கணக்குத்தான்.

வீட்டுக்கு வீடு போய்க் கேள்வி கேட்பது என் வேலை. கேட்டு முடித்ததும், பாதிப் பேரிடம் உட்கார்ந்து பேச வேண்டும். மீதிப் பேருக்கு அச்சடித்த ஒரு தாளைக் கொடுத்துவிட்டு வந்துவிட வேண்டும். யாருக்குப் பேச்சு, யாருக்குத் தாள் என்பதைக் கம்ப்யூட்டர் சொல்லும். எனக்கு இது பிடிக்கவே இல்லை. ஆராய்ச்சியை நடத்துகிற டாக்டர் மதுரைப் பக்கத்துப் பெண், உன்னைவிடச் சின்னவள்தான். அவளிடம் போய்ச் சண்டை போட்டேன். "பேசுனா நல்லதுன்னா எல்லார்த்துகிட்டயும் பேசிப்போட்டுப் போலாமில்லீங்க? ஏன் பாதிப் பேர விட்டுப்போடோணும்?" என்றேன். அவள் கோபப்படவில்லை. "நல்லதுன்னு நமக்கு எப்படிம்மா தெரியும்? நல்லதா இருக்கும்னு நம்புறோம், அவ்வளவுதான். தெரிஞ்சுக்கத்தானே இவ்வளவு பாடு" என்றாள். அன்று முழுக்க எனக்கு அதே யோசனை. வேலையில் இருந்த காலமெல்லாம் ஊர் ஊராகப் போய் எத்தனை பேரிடம் எத்தனை சொல்லியிருப்பேன். அதில் எது பலித்தது, எது காற்றோடு போனது என்று ஒரு நாளும் திரும்பிப் போய்ப் பார்த்ததில்லை. சொன்னதோடு என் கடமை முடிந்தது என்று வந்திருக்கிறேன்.

ஆரம்பத்தில் நான் அடித்த கூத்தைச் சொல்கிறேன், சிரித்துக்கொள். முதல் ஊரை முடித்துக் கொடுத்தபோது, அந்த ஊரில் ஏறக்குறைய யாருமே குடிப்பதில்லை என்று வந்தது. எனக்கு ஒரே பெருமை, நம் பக்கத்து ஆட்கள் எவ்வளவு நல்லவர்கள் என்று. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "அம்மா, அப்ப அந்த ஊர் ஒயின்ஷாப்புல கூட்டம் எங்கிருந்து வருது?" என்று கேட்டாள். அடுத்த நாள் என்கூடவே வந்து, நான் கேட்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தாள். நான் எப்படிக் கேட்டேன் தெரியுமா? "ஏனுங்க, தண்ணி கிண்ணியெல்லாம் போடறதில்லைதானுங்களே?" அவரும் மரியாதையாக, "அதெல்லாம் இல்லீங்க நர்ஸம்மா" என்றார். நானும் இல்லை என்று குறித்துக்கொண்டேன். அவர் வீட்டு வேலியோரம் காலி பாட்டில்கள் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தன.

வெளியே வந்ததும் டாக்டர் சொன்னாள், "நீங்க கேள்வியே கேக்கலம்மா. அவர் ஒளிஞ்சுக்க எடம் பண்ணிக் குடுத்தீங்க." யோசித்துப் பார்த்தால் அது நெசந்தான். நம் ஊர் மரியாதை நமக்கு அப்படிப் பழகியிருக்கிறது. எதிரே இருப்பவர் சங்கடப்பட்டுவிடக் கூடாது என்று, கேள்வியிலேயே அவருக்குத் தோதான பதிலையும் வைத்து நீட்டுகிறோம். மாப்பிள்ளை விசாரிக்க வருகிறவர்களும் இப்படித்தானே கேட்கிறார்கள். "பையன் நல்ல பையன்தானுங்களே?" என்று. "தங்கமான பையனுங்க" என்று சொல்லி அனுப்புகிறோம். அதற்கு மேல் கேட்டால் மரியாதை இல்லை, சொன்னால் இன்னும் மோசம். அப்படித்தான் பிருந்தாவின் அம்மா கல்யாணமாகிப் போயிருக்கிறாள். அவள் மகளுக்கு நானும் அதையே செய்யப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு கேட்கும் விதத்தை மாற்றினேன். மதியம் என்ன குழம்பு என்று கேட்கிற குரலில், "கடைசியா என்னைக்குங்க குடிச்சீங்க? அன்னைக்கு எவ்வளவு?" என்று கேட்க ஆரம்பித்தேன். முகம் சுளிக்காமல், உச் கொட்டாமல் கேட்க வேண்டும். அதுதான் கஷ்டம், நர்ஸ் புத்தி சுலபத்தில் அடங்காது. ஆனால் ஆச்சரியம் என்னவென்றால், அப்படிக் கேட்டால் ஜனங்கள் சொல்கிறார்கள். சொல்வதற்குக் காத்திருந்த மாதிரிச் சொல்கிறார்கள். "பீரெல்லாம் குடியில சேத்தியாங்க?" என்று உண்மையிலேயே சந்தேகமாகக் கேட்டவர்கள் உண்டு. சாப்பிடுவதற்கு முன்னால் ஏன் குடிக்கிறீர்கள் என்று ஒருவரைக் கேட்டேன். "வயித்துல சோறு இருந்தா ஏறாதுங்க நர்ஸம்மா, அப்பறம் காசு தண்டமில்லீங்களா" என்றார். அவர் நியாயம் அவருக்கு. வெறும் வயிற்றில் குடிக்காதே என்று நான் ஆயிரம் முறை சொல்லியிருப்பேன். அவர் ஏன் வெறும் வயிற்றைத் தேடுகிறார் என்று ஒரு முறையாவது கேட்டிருந்தால், சொன்ன விதம் வேறாக இருந்திருக்கும்.

எவ்வளவு என்ற கேள்விக்கு வாயால் சொல்லும் பதில் போதாது என்று டாக்டர் இன்னொன்று சொல்லிக்கொடுத்தாள். வீட்டில் அவர்கள் வழக்கமாகக் குடிக்கும் டம்ளரையே எடுத்துவரச் சொல்லி, ஒரு சொம்புத் தண்ணீரைக் கொடுத்து, வழக்கமாக ஊற்றும் அளவு ஊற்றிக் காட்டச் சொல்ல வேண்டும். பிறகு அதை என் பையில் இருக்கும் அளவு ஜாடியில் ஊற்றிப் பார்க்க வேண்டும். "ஒரு கட்டிங்தானுங்க" என்பார்கள். குவாட்டர் பாட்டிலில் பாதி அது. கை ஊற்றும்போது அதோடு நிற்காது. ஜாடியில் கோடு ஏறுவதைப் பார்த்து எனக்கு முன்னால் அவர்கள்தான் வாயைப் பிளப்பார்கள். ஒருவர் தண்ணீரைத் திரும்ப டம்ளரில் ஊற்றி, மறுபடியும் ஜாடியில் ஊற்றி, ஜாடி சரியில்லை என்று என்னோடு வழக்குப் பேசினார். தன்னைப் பெரிய குடிகாரன் என்று எண்ணி நொந்துகொண்டிருந்த வேறொருவர் ஊற்றியது கொஞ்சமாகத்தான் இருந்தது. நான் வாயைத் திறந்து புத்திமதி சொல்லும் முன்னாலேயே, தண்ணீர் அவர்களிடம் எதையோ சொல்லிவிடுகிறது. இந்த வயதில் இதைப் பார்க்கத்தான் காலையில் அவசர அவசரமாகச் சமைத்துவைத்துவிட்டு ஓடுகிறேன்.

நீ நிச்சயம் ஒன்று சொல்வாய் என்று எனக்குத் தெரியும். "பழனிக்கு மாலை போட்டப்ப ஒரு சொட்டு தொட்டனா? நெனச்சா நிறுத்திருவேம்மா" என்பாய். மாலையைப் பற்றியும் எனக்கு நிறையக் கேள்வி இருந்தது. போன வருஷம் ஒரு ஊரில், விடிந்தால் குடிக்காமல் எழ முடியாத ஒருவருக்கு அவர் மனைவி மாலை போட்டுவிட்டாள். ஊருக்கே தெரிந்த கதை என்பதால் சொல்கிறேன், பெயரும் ஊரும் கேட்காதே. மாலை போட்டவர் அன்றே சுத்தமாக நிறுத்திவிட்டார். அடுத்த நாள் கை நடுக்கம், உடம்பெல்லாம் வேர்வை. அதற்கடுத்த நாள் சுவரில் பூச்சி ஊர்கிறது என்று தட்டிவிட்டுக்கொண்டே, இல்லாத ஆளோடு பேசுகிறார். சாமி வந்துவிட்டது என்று திருநீறு போட்டு, கற்பூரம் கொளுத்தி, கும்பிட்டு நிற்கிறார்கள். பக்கத்து வீட்டில் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த நான் சத்தம் கேட்டுப் போனேன். நல்லவேளை, பயிற்சியில் இதைச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தினமும் அதிகமாகக் குடித்துப் பழகிய உடம்பு, ஒரேயடியாக நிறுத்தினால் இப்படி ஆகலாம், வலிப்பு வரலாம், உயிரே போகலாம், டாக்டர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும் என்று. கற்பூரத் தட்டை வாங்கி வைத்துவிட்டு ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். ஆள் பிழைத்துக்கொண்டார். "நிறுத்து" என்பது எப்போதும் நல்ல வார்த்தை என்றுதான் அதுவரைக்கும் நினைத்திருந்தேன்.

ஆனால் உன்னைப் போல, மாலை போட்டால் அலுங்காமல் நிறுத்துகிறவர்களும் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கு மாலை என்ன செய்கிறது என்று எனக்கு ஒரே குறுகுறுப்பு. பக்தி என்று சொல்லிவிட்டுப் போகலாம். கோழி வண்டி ஓட்டும் ஒருவரிடம் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "மாலை போட்டா ஒருத்தனும் ஊத்திக் குடுக்க மாட்டானுங்க. வாங்க சாமின்னு டீ வாங்கிக் குடுப்பான். மத்த நாள்ல வேண்டாம்னு சொல்லிப் பாருங்க. ஏன், பெரிய மனுசனாயிட்டியா, எங்க கையால வாங்க மாட்டியான்னு கேப்பானுங்க." எனக்குச் சட்டென்று விளங்கியது. அந்த மாதிரி ஆளுக்கு, யார் மனமும் நோகாமல் வேண்டாம் என்று சொல்ல ஒரு சாக்கு வேண்டியிருக்கிறது. நம் பக்கத்து மரியாதையில் அதற்கு இடமில்லை, மாலை அந்த இடத்தைக் கொடுக்கிறது. மாலையைக் கழற்றிய அன்றே பழைய கதை தொடங்குவதற்கும் அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

அவர் அதைச் சொன்னபோது எனக்கு உன் நினைப்புத்தான் வந்தது. நீ காலேஜ் முடித்த வருஷம் நம் கோயிலில் கெடா வெட்டினோமே, ஞாபகம் இருக்கிறதா? கறி வெந்துகொண்டிருந்தது. கார் மறைவில் உன் மாமன், என் அண்ணன்தான், உன் கையில் ஒரு டம்ளரைத் திணித்தான். "மாப்ளே, மாமன் குடுத்தா வாங்கோணும்" என்றான். நான் கொஞ்ச தூரத்தில் இலைக்கட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். நீ என்னைப் பார்த்தாய். வாங்கு என்றோ வாங்காதே என்றோ நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்தாயா, நான் பார்த்துவிட்டேனே என்று பார்த்தாயா, இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. அண்ணன் முகம் கோணிவிடும், விருந்தில் ஒரு பேச்சு வந்துவிடும் என்று நான் இலைக்கட்டோடு திரும்பிவிட்டேன். சாயங்காலம் நீ உன் மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தாய். வாசலில் வண்டிச் சத்தம் கேட்கும் வரை எனக்கு இருந்த பயத்தை உன்னிடம் சொல்லவே இல்லை. அதற்குப் பிறகும் கேட்டதில்லை. கேட்டால் நீ சங்கடப்படுவாய் என்று விட்டுவிட்டேன்.

இப்போது உன் அப்பா கதைக்கு வருகிறேன். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், "எழுது, எழுது, எம் மானந்தான் சர்வேக்காரிகிட்ட அப்பவே போச்சே" என்றார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஞாயிறு மதியம், சாப்பாடு முடிந்ததும், கேள்வி கேட்டுப் பழக வேண்டும் என்று அவரை உட்காரவைத்தேன். அவர் குடிப்பது எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். அதற்காக நான் பேசாமல் இருந்த நாட்களும், பாட்டிலை அரிசி டின்னுக்குள் ஒளித்துவைத்த நாட்களும் உனக்கு ஞாபகம் இருக்கும். ஆனால் எவ்வளவு, எப்போது, எதற்கு என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அவருடைய எவர்சில்வர் டம்ளரை எடுத்துவந்து தண்ணீர் ஊற்றிக் காட்டினார். ஜாடியில் கோடு இரண்டு பேரும் நினைத்ததற்கு மேலே நின்றது. தாளில் அடுத்து என்ன கேள்வி இருக்கிறதோ அதைக் கேட்டேன். எதற்காகக் குடிக்கிறீர்கள் என்று.

"சத்தத்துக்குத்தான் அம்மணி" என்றார். "என்ன சத்தமுங்க?" என்றேன். "தறிச் சத்தந்தான். குடோனப் பூட்டிப்போட்டு ஊட்டுக்கு வந்தாலும் காதுக்குள்ள தறி ஓடிட்டேதான் கெடக்குது. படுத்தா இன்னும் சாஸ்தி. ரெண்டு மடக்கு ஊத்திக்கிட்டா கொஞ்சம் அடங்குமாட்ட இருக்குது, தூக்கம் வருது." எத்தனை காலமாக என்று கேட்டேன். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே என்றார். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன். "நீ கேக்கலியே" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஊருக்கெல்லாம் காய்ச்சலும் இருமலும் விசாரித்த நர்ஸம்மா, பக்கத்தில் படுத்திருந்த ஆளின் காதில் தறி ஓடியதை இத்தனை காலம் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. டிவியை ஏன் இப்படி அலறவிடுகிறீர்கள் என்று சத்தம் மட்டும் போட்டிருக்கிறேன்.

கோயம்புத்தூரில் காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். கேட்காமல் போனது திரும்பாது, காதுக்குள் ஓடுகிற சத்தமும் முழுசாக நிற்காது, அதோடு வாழ வழி இருக்கிறது என்றார். நாள்பட்டுப் பார்த்தால் குடி தூக்கத்தைக் கெடுக்கத்தான் செய்யும் என்றும் சொன்னார். இப்போது தலைமாட்டில் ரேடியோவை மெதுவாகப் பாடவிட்டுத் தூங்குகிறார். அடியோடு விட்டுவிட்டார் என்று சொல்ல மாட்டேன், சொன்னால் பொய். சனிக்கிழமை மட்டும் குடிக்கிறார், சாப்பிட்டுவிட்டுக் குடிக்கிறார், டம்ளரில் ஆணியால் ஒரு கோடு கீறி வைத்திருக்கிறார், அதற்கு மேல் ஊற்றுவதில்லை. வண்டிச் சாவி அன்றைக்கு என் முந்தானையில் இருக்கும். இதை டாக்டரிடம் பெருமையாகச் சொன்னேன். "சந்தோஷம்மா. ஆனா ஒரு ஆளை வெச்சு எதையும் முடிவு பண்ண முடியாது" என்று சிரித்தாள். ஆராய்ச்சி முடிய இன்னும் நாள் இருக்கிறது. பேசினால் பலன் உண்டா என்று அதற்குப் பிறகுதான் தெரியும். பலன் இல்லை என்று வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "ஏன் இல்லைன்னு தேடுவோம்" என்றாள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது.

பிருந்தாவுக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்றுதானே நீ கேட்பாய். அவரைக்காயை அப்படியே வைத்துவிட்டு, "கண்ணு, எனக்குத் தெரியாது. அவன் சொல்லச் சொன்னதச் சொல்லிப்போட்டேன். நானா அவனக் கேட்டதே இல்லை" என்றேன். சொல்லும்போது வெட்கமாக இருந்தது. சொன்ன பிறகு இல்லை. அவள் என் முகத்தையே பார்த்தாள். கோபம் வருமோ என்று நினைத்தேன். "நெசத்தச் சொன்னீங்களே, அது போதுமுங்க அத்தை" என்று சொல்லிவிட்டு மீதிக் காயையும் உரித்து முடித்தாள். பஸ் ஏறும்போது, "அவரே சொல்லட்டுமுங்க. எவ்வளவா இருந்தாலும் அவரு வாயால வரோணும். அப்பறம் நான் யோசிச்சுக்கறேன்" என்றாள். அவளுக்கு உன்னைப் பிடித்திருக்கிறது கண்ணு. பிடிக்காதவளாக இருந்தால் இவ்வளவு தூரம் வந்து கேட்டிருக்க மாட்டாள்.

அதனால் இந்தப் பார்சலில் உனக்கு ஒரு டம்ளர் அனுப்புகிறேன். நீ காலேஜ் ஹாஸ்டலுக்கு எடுத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்த அதே டம்ளர்தான். கூடவே என்னிடம் உபரியாக இருந்த ஒரு அளவு ஜாடியும் இருக்கிறது. தண்ணீரை வழக்கமான அளவு ஊற்று. யாரும் பார்க்கவில்லை, குறைத்து ஊற்ற வேண்டியதில்லை. பீரும் கணக்குத்தான். ஜாடியில் கோடு எங்கே வருகிறது என்று பார். அதை என்னிடம் சொல்ல வேண்டியதில்லை, பிருந்தாவிடம் சொல். கோடு பயப்படும்படி இருந்தால், வீராப்பாக அன்றைக்கே நிறுத்திக் காட்டுகிறேன் என்று கிளம்பாமல் முதலில் ஒரு டாக்டரைப் பார். கூட வர ஆள் வேண்டுமென்றால் நான் பஸ் ஏறி வருகிறேன். சின்னதாக இருந்தாலும் அப்படியே சொல். அவள் கேட்டது அளவைத்தான். தைக் கல்யாணத்தில் மாமனோ மச்சானோ டம்ளரை நீட்டினால், இந்த முறை நான் இலைக்கட்டைத் தூக்கிக்கொண்டு திரும்ப மாட்டேன். பக்கத்தில் வந்து நிற்பேன். வேண்டாம் என்று நீ சொல்ல நினைத்தால், உன் மாலையாக நான் இருக்கிறேன்.

இத்தனை ஊர் ஆண்களைக் கேட்டாயிற்று. உன்னை இப்போதுதான் கேட்கிறேன். முகம் சுளிக்காமல், உச் கொட்டாமல், அவரைக்காய்ப் பொரியல் பிடித்ததா என்று கேட்கிற அதே குரலில். கடைசியாக என்றைக்குக் குடித்தாய் கண்ணு? அன்றைக்கு எவ்வளவு?

பார்சலைக் கட்டியது உன் அப்பாதான். டம்ளரைத் துண்டில் சுற்றிக்கொண்டே, "என்னைய இதக் கேக்க ஒரு ஆளு வர்றதுக்கு முப்பது வருசத்துக்கு மேல ஆச்சு. அவனுக்குத் தாலி கட்டறதுக்கு முன்னாலயே வந்துபோட்டாங்க. குடுத்து வெச்சவன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயம்புத்தூர் வண்டி சீக்கிரம் கிளம்புகிறது. சனிக்கிழமைக்குள் அவளைக் கூப்பிடு.

அம்மா